நடுவில் தொங்கிய கோடு

எங்கள் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஸ்கேல் என்றுதான் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. அவர் உங்கள் கடைக்கு வந்தால் முதலில் உங்களைப் பார்க்கமாட்டார், சுவரில் தொங்கும் கடிகாரத்தைப் பார்ப்பார். அது மயிரிழை சாய்ந்திருந்தாலும் போதும், ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி நிமிர்த்திவிட்டுத்தான் வந்த விஷயத்தைச் சொல்வார். மருந்துக்கடைப் பலகையை இரண்டு தடவை கழற்றி மாட்டியிருக்கிறார், யாரும் கேட்காமலே. என் தையல் கடைக்கு வந்தால் மெஷினில் ஓடிக்கொண்டிருக்கும் தையலைக் குனிந்து பார்த்து, "கொஞ்சம் இடது பக்கம் போகுது அக்கா" என்பார். ஒருநாள் கத்தரிக்கோலைத் தூக்கிக் காட்டினேன். அதற்குப் பிறகு வாயைத் திறப்பதில்லை, பார்ப்பதோடு சரி.

என் கடைக்கும் அவர் கடைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். போனையும் மனுஷன் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் என்னைச் சொல்லவேண்டாம், சுவர் அப்படி.

முன்னறையில் அவருடைய கம்ப்யூட்டர். பின்னறையில் அவர் மனைவியின் ஸ்டிக்கர் வெட்டும் மெஷின். அதற்கும் பின்னால் சமையலறை, படுக்கை, குடித்தனம் எல்லாம். அவர் திரையில் வரைந்து அனுப்புவார், அவள் மெஷினில் ஷீட்டைப் போட்டு வெட்டி, வேண்டாததை ஊசிமுனையால் கிள்ளி எடுத்து, மேலே டேப் ஒட்டிச் சுருட்டி வைப்பாள். நாள் முழுக்க அந்த மெஷின் கீச்சுக் கீச்சென்று இழுத்துக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் தகரக் கூரையின் சத்தமும் அதோடு சேர்ந்துகொள்ளும். என் மெஷின் சத்தத்தையும் சேர்த்தால், எங்கள் இரண்டு கடையிலும் கத்தித்தான் பேசவேண்டும்.

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பழுதான ஃபைல்கள். வெக்டர் ஃபைல் என்றால் என்ன என்று ஒருமுறை எனக்கு விளக்கினார். போட்டோ என்றால் புள்ளி புள்ளியாக இருக்கும், பெரிதாக்கினால் பல்லிளித்துவிடும். இது அப்படியில்லை. இந்தப் புள்ளி இங்கே, அந்தப் புள்ளி அங்கே, நடுவில் ஒரு கோடு இழு என்று எல்லாவற்றையும் நம்பராகவே எழுதி வைத்திருக்கும். கைக்குட்டை அளவுக்கும் அடிக்கலாம், கட்டட உயரத்துக்கும் அடிக்கலாம், விளிம்பு பிசிறாது.

"துணி வெட்ற பேட்டர்ன்னு சொல்லு" என்றேன்.

"பேட்டர்ன் பேப்பர் கசங்கும் அக்கா. இது கசங்காது."

கசங்காதுதான். ஆனால் ஒருவர் கம்ப்யூட்டரில் வரைந்ததை இன்னொருவர் கம்ப்யூட்டரில் திறந்தால் கோணல்மாணலாகத் தெரிகிற வியாதி அதற்கு உண்டு. எழுத்தின் வயிற்றில் இருக்கும் ஓட்டை அடைந்து கறுப்புக் கட்டியாக நிற்கும். பூவுக்குப் பின்னால் மெல்லிசாக நிழல் போட்டிருப்பார்கள், இங்கே திறந்தால் பூவைச் சுற்றிக் கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருக்கும். சின்னதாக்கினால் படம் சின்னதாகும், கோடு மட்டும் அப்படியே தடியாக நிற்கும். அச்சகத்துக்காரர்களெல்லாம் அலறிக்கொண்டு இவரிடம்தான் வருவார்கள். இவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "எழுத்தைக் கோடா மாத்தாம அனுப்பிட்டான்" என்பார், "வெர்ஷன் இறக்கி சேவ் பண்ணச் சொல்லு" என்பார், நாலு தட்டுத் தட்டுவார், ஃபைல் எழுந்து உட்காரும். எந்த வியாதி வந்தாலும் அது ஃபைலுக்குத்தான் வந்திருக்கும் என்று அவருக்கு ஒரு தீர்மானம் உண்டு. அத்தனை வருஷத்தில் அது பொய்த்ததும் இல்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்குக் கண் இரண்டு, பார்ப்பது ஒன்று. இடது கண் பிறவியிலேயே சோம்பேறி. வெளிச்சம் தெரியும், ஆள் நிற்பது தெரியும், அவ்வளவுதான். வலது கண்ணுக்கும் சோடாபுட்டிக் கண்ணாடி. அந்த ஒற்றைக் கண்தான் அந்த வீட்டுக்குச் சோறு போட்டது. இந்தக் கதை அந்தக் கண்ணைப் பற்றியதுதான். முன்னாடியே சொல்லவில்லையே என்று பிறகு யாரும் என்மேல் பாயக்கூடாது.

புதிதாகக் கட்டி முடித்த பெரிய அடுக்குமாடி ஒன்றிலிருந்து ஒரு வேலை வந்தது. தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியே ஓடவேண்டும் என்று ஒவ்வொரு மாடிக்கும் ஒரு வரைபடம். லிஃப்டுக்குப் பக்கத்தில் பலகையில் ஒட்டவேண்டும். சுவரெல்லாம் கறுப்புக் கோடு, ஓடுகிற வழி பச்சைக் கோடு. முழுக்க முழுக்க நேர்க்கோடு. அவருக்கு வாழைப்பழத்தை உரித்து வாயில் வைத்த மாதிரி. கட்டட ஆபீசில் படம் வரையும் பெண் ஃபைலை அனுப்பினாள். அன்று மத்தியானம் மழை விட்டிருந்தது, அதனால் சுவர் தாண்டி எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"மேடம், நீங்க அனுப்பின ஃபைல்ல சுவரெல்லாம் நெளியுது."

"நெளியுதா? சுவர் எப்படி சார் நெளியும்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

"எங்க ஸ்கிரீன்ல கம்பியாட்டம் நேரா இருக்கே சார்."

"இருக்கும். இங்க வந்தா நெளியுது. வேற ஃபார்மட்ல அனுப்புங்க."

அவள் வேறு விதமாக அனுப்பினாள். அதுவும் நெளிந்தது. பழைய வெர்ஷனில் அனுப்பினாள். அதுவும்தான். சரி, தலையெழுத்து என்று இவரே உட்கார்ந்து ஒவ்வொரு சுவராகப் பிடித்து இழுத்து நேராக்கினார். ஒரு கோட்டில் தொங்குகிற இடத்தில் புதிதாக ஒரு புள்ளி வைத்து, அதை மேலே தூக்கி நிமிர்த்துவது. பிறகு பக்கத்துக் கோடு. இடுப்பு விட்டுப்போகிற வேலை. ரொட்டியும் முட்டையும் தட்டில் காய்ந்து கிடக்கும், அவர் மனைவி வந்து பார்த்துவிட்டு எடுத்துப்போய்ச் சுடவைத்துக் கொண்டுவருவாள், அதுவும் காயும். ஒருவழியாக முடித்து அனுப்பினார்.

அந்தப் பெண்ணிடமிருந்து உடனே போன்.

"சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க அனுப்பினதுலதான் நெளியுது. கோட்டுக்கு நடுநடுவுல யாரோ கிள்ளி வெச்ச மாதிரி இருக்கு."

அவர் போனை வைத்துவிட்டு என் கடை வாசலுக்கு வந்து நின்றார். முகத்தில் ஒரு வெற்றிக்களை.

"பாத்தீங்களா அக்கா? அங்கேருந்து வந்தா இங்க வளையுது. இங்கேருந்து போனா அங்க வளையுது. அப்ப தப்பு அவங்ககிட்டயும் இல்ல, என்கிட்டயும் இல்ல. நடுவுல இருக்கு. ரெண்டு சாஃப்ட்வேரும் ஒத்துப்போகல."

எனக்கு என்ன தெரியும்? நியாயமாகத்தான் பட்டது. மாமியாரும் மருமகளும் ஒத்துப்போகாத வீட்டில் இரண்டு பேரும் இப்படித்தான் சொல்வார்கள்.

சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி ஏற்ற மச்சினன் வந்தான். அவர் மனைவியின் தம்பி. கம்ப்யூட்டர் ரிப்பேர்தான் தொழில், வாய்தான் முதலீடு. ஒருநாள் கேபிளை மாற்றினான். ஒருநாள் திரையையே மாற்றினான். ஒருநாள் பெட்டியைக் கழற்றித் தூசி தட்டி, என் கடைவரைக்கும் தும்மவைத்தான்.

"மாமா, இப்ப பாருங்க. நேராத்தானே இருக்கு?"

"எங்கடா நேரா? நடுவுல தொங்குது பாரு, துணி காயப்போட்ட கொடி மாதிரி."

"எனக்கு நேராத் தெரியுதே மாமா."

"உனக்கு எங்கடா தெரியப்போகுது? மீசையையே ஒரு பக்கம் ஏத்தி ஒரு பக்கம் இறக்கி வெட்டிக்கிட்டு வந்து நிக்கிற நீ."

மச்சினன் மீசையைத் தடவிக்கொண்டான். கொஞ்ச நேரம் திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து உற்றுப் பார்த்தான்.

"ஆமா மாமா. இப்ப நீங்க சொல்லவும் லேசாத் தெரியற மாதிரிதான் இருக்கு."

அவனைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. தெருவே அப்படித்தான் இருந்தது. ஸ்கேல் கோணல் என்று சொன்னால் அது கோணல், அவ்வளவுதான். அந்த வாரம் என் கடை ஷட்டர் ஓடுகிற கம்பி வளைந்திருக்கிறது என்று அவர் சொன்னார். நானும் வெளியே வந்து நின்று பார்த்து, ஆமாம், கொஞ்சம் வளைந்துதான் இருக்கிறது என்று ஆளைக் கூப்பிட்டு அடித்து நிமிர்த்தினேன். அதற்குப் பிறகு ஷட்டர் பாதியில் மாட்டிக்கொள்ள ஆரம்பித்தது. டீக்கடைக்காரர் தன் பெஞ்சுக்குக் கீழே அட்டை வைத்தார், பெஞ்சு ஆடியது. சொந்தக் கண்ணைவிட அவர் கண்ணை நம்பிப் பழகிவிட்ட கூட்டம் நாங்கள்.

இதற்கிடையில் அவர் மனைவி ஒரு சாயங்காலம், ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவள் மாதிரி வந்து உட்கார்ந்தாள். நான் அளவு டேப்பை எடுத்தேன். அவள் கையைத் தூக்கவில்லை.

"அக்கா, தப்பு என் மெஷின்லதான் இருக்குமோன்னு தோணுது."

"ஏன்?"

"வெட்டி எடுக்கற ஸ்டிக்கர்ல நடுவுல நடுவுல நெளியுது. பிளேடை மாத்திட்டேன். ரோலரைத் துடைச்சேன். ஷீட்டை மாத்தினேன். போகல. அவருக்கு இது தெரியும்னு நினைக்கறேன். என்மேல பழி வரக்கூடாதுன்னுதான் சாஃப்ட்வேரைத் திட்டிக்கிட்டு இருக்கார்."

"அவராவது, உன்னைக் காப்பாத்தறதாவது" என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

"மெஷினுக்குள்ளயே ஏதாவது சோதனை இருக்கா பாரு" என்றேன். "என் மெஷின்ல நூல் அறுந்தா, துணி இல்லாம சும்மா ஓட்டிப் பாப்பேன்."

"இருக்கு. ஃபைலே இல்லாம அதுவா ஒரு சதுரம் வெட்டிக் காட்டும்."

அவள் எழுந்து போனாள். கொஞ்ச நேரத்தில் மெஷின் கீச்சென்றது, நின்றது. திரும்பி வந்தபோது கையில் சதுரமாக ஒரு ஸ்டிக்கர். என் கட்டிங் மேசையில் வைத்து, என் இரும்பு ஸ்கேலை அதன் ஓரத்தில் பொருத்தினாள். நாலு பக்கமும் சொல்லிவைத்த மாதிரி ஒட்டி நின்றது.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவள் குரலில் சந்தோஷம் இல்லை.

"அப்ப என்ன?"

அவள் ஸ்கேலைக் கையில் எடுத்துக்கொண்டு, "இதை நாளைக்குத் தரேன் அக்கா" என்று போய்விட்டாள். நானும் ஜாக்கெட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் டீ குடிக்கப் போயிருந்த நேரம். நான் பட்டன் வாங்கப் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். அவள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"உள்ள வாங்க அக்கா. நீங்க இருந்தா நல்லது."

வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, மேலே இருந்த கட்டத்தில் நம்பர் போட்டாள். ஒரு புள்ளி விழுந்தது. இன்னொரு நம்பர் போட்டாள். தள்ளி இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவில் கோடு வந்தது.

"ரெண்டு புள்ளிக்கும் உயரத்துக்கு ஒரே நம்பர் போட்டிருக்கேன். வேற புள்ளி கிடையாது. ஒரே உயரம்னா கோடு நேராத்தான் போகணும். வேற வழியே இல்ல. அவர்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தார், மெஷின் வாங்கின புதுசுல."

அவர் வந்தார். தன் நாற்காலியில் மனைவியைப் பார்த்ததும் புருவம் ஏறியது.

"என்ன, ஆட்சி மாறிடுச்சா?"

"என்னங்க, இந்தக் கோட்டைக் கொஞ்சம் பாருங்க."

அவர் குனிந்தார். "யாரு போட்டது இதை? நடுவுல தொங்குதே."

"நம்பரைப் பாருங்க."

அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, பிறகு மறுபக்கம் சாய்த்து, ஓரக்கண்ணால் எட்டிப் பிடிப்பவர் மாதிரி அந்த நம்பரைப் படித்தார்.

"இப்ப நம்பரையே தப்பாக் காட்ட ஆரம்பிச்சிடுச்சா?" என்றார். "மாப்ளையைக் கூப்பிடு. பழைய வெர்ஷனே ஏத்தச் சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்திருந்தால் பாவம் சுற்றிக்கொண்டிருக்கும், சிரிக்கவில்லை. அவள் மேசைக்கு அடியிலிருந்து என் இரும்பு ஸ்கேலை எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்து, திரைமேல் அந்தக் கோட்டுக்குக் கீழே ஒட்டிவைத்தாள். கோடு ஸ்கேலின் விளிம்பில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பிசகாமல் படுத்திருந்தது. நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். இரண்டு பேரும் அவரைப் பார்த்தோம்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மறுபடி பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, சின்னக் குரலில் சொன்னார்.

"அக்கா, உங்க ஸ்கேலும் வளைஞ்சிருக்கு."

அவள் ஸ்கேலைக் கீழே இறக்கவில்லை. இரும்பு திரையில் டக்கு டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. அவர் நின்ற இடத்திலிருந்தே சுவரைத் தடவிப் பிடித்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எவ்வளவு நாளா?" என்றாள்.

"தெரியல."

"தெரியலையா, சொல்லலையா?"

"நிஜமாத் தெரியல. ஃபைல்தான்னு நினைச்சேன். எப்பவும் ஃபைல்தானே."

கடையைப் பூட்டிவிட்டு நானும் கூடவே கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மழை கொட்டியது. கண்ணில் சொட்டுமருந்து விட்டு, வரிசையில் உட்காரவைத்து, கூப்பிட்டு, மறுபடி உட்காரவைத்தார்கள். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, படபடவென்று பேசுகிறவள். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஓர் அட்டையை நீட்டி, நடுவில் இருக்கும் புள்ளியைப் பார்க்கச் சொன்னாள்.

இவர் பார்த்தார். "இதை எந்த பிரஸ்ல அடிச்சீங்க டாக்டர்? நடுவுல கட்டமெல்லாம் உள்ள இழுத்துக்கிட்டு இருக்கு."

"கட்டம் சரியாத்தான் இருக்கு" என்றாள் டாக்டரம்மா.

பவர் அதிகமான கண்களில் சில சமயம் பின்பக்கத் திரையில் வேண்டாத ரத்தக்குழாய் முளைத்துக் கசியுமாம். கசிந்த இடம் மேடாகும். அதன்மேல் விழுகிற நேர்க்கோடெல்லாம் வளைந்து தெரியும். விட்டுவிட்டால் தழும்பாகி, பார்வையின் நடுப்பகுதி திரும்ப வராமலே போய்விடும். கண்ணுக்குள்ளே ஊசி போடவேண்டும், ஒன்றோடு முடியாது, கூப்பிடும்போதெல்லாம் வரவேண்டும்.

"கண்ணுக்குள்ளயா?" என்றார் இவர்.

"கண்ணுக்குள்ளதான்."

"கண்ணுக்குப் பக்கத்துல போட்டா ஆகாதா?"

"ஆகாது சார். இன்னொரு கண்ணு நல்லா இருந்தாலாவது யோசிக்கலாம்."

அன்றே முதல் ஊசி. வெளியே வந்தவர் கண்ணில் கட்டோடு, என் ஒரு கையையும் மனைவியின் ஒரு கையையும் பிடித்துக்கொண்டு, தேங்கிய தண்ணீரில் கால் வைத்தபடி நடந்தார். ஆட்டோவில் ஏறியதும், "கட்டட வேலை?" என்றார்.

"நான் பாத்துக்கறேன்" என்றாள் அவள்.

பார்த்துக்கொண்டாள். அந்த ஆபீஸ் பெண்ணுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் போடாமல், முதலில் அனுப்பிய ஃபைலையே மறுபடி வாங்கினாள். இவர் கிள்ளி வைத்ததையெல்லாம் குப்பையில் போட்டாள். ஒவ்வொரு சுவரையும் நம்பரை வைத்துச் சரிபார்த்தாள். அவர் பின்னால் உட்கார்ந்து, "அதை ஏன் அங்க வைக்கற, லேயரைப் பூட்டிட்டியா, சேவ் பண்ணு, சேவ் பண்ணு" என்று தொணதொணத்தபடி இருந்தார். லேயர் என்றால் படத்தில் ஓர் அடுக்கு, பூட்டிவிட்டால் அசையாதாம். ஒருநாள் அவள், "இப்ப நீங்க வாயை மூடலைன்னா உங்களையும் ஒரு லேயர்ல போட்டுப் பூட்டிடுவேன்" என்றாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் நூலைக் கோக்க முடியாமல் சிரித்தேன். வரைபடம் ஒவ்வொரு மாடியாகப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண், இப்ப எல்லாம் நேரா இருக்கு, எந்த வெர்ஷன் மாத்தினீங்க என்று கேட்டாளாம்.

வீட்டில் தினமும் காலையில் அந்தக் கட்டத்தைப் பார்க்கவேண்டும், வளைவு கூடுகிறதா குறைகிறதா என்று கவனிக்கவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரி அட்டை சின்னது என்று, அவளே கட்டம் போட்டு, பெரிதாக அடித்து, சமையலறைக் கதவில் ஒட்டினாள். காலையில் டீயைக் கையில் கொடுத்ததும் கதவுக்கு எதிரே நிறுத்துவாள்.

"எப்படி இருக்கு?"

"கொஞ்சம் தேவலை."

சில நாள் இப்படிப் போனது. அடுத்த ஊசிக்கான நாள் நெருங்க நெருங்க, கண் கிடுகிடுவென்று குணமாகத் தொடங்கியது.

"எப்படி இருக்கு?"

"எல்லாம் நேரா ஆயிடுச்சு. ஒரு வளைவு இல்ல. டாக்டருக்குப் போன் பண்ணி, ஊசி வேண்டாம்னு சொல்லிடு."

மத்தியானம் அவள் என் கடைக்கு ஒரு காகிதத்தோடு வந்தாள். "அக்கா, இதுல ஏதாவது தெரியுதா?"

"இதென்ன கேள்வி? நாலாவது கோடு கூன் விழுந்து நிக்குது."

"வேணும்னே வளைச்சேன். நாளைக்கு இதைத்தான் கதவுல ஒட்டப்போறேன்."

மறுநாள் நான் மெஷினை ஓட்டாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். ஆமாம், அன்றைக்கு ஒட்டுத்தான் கேட்டேன்.

"எப்படி இருக்கு?"

"நேத்து மாதிரியேதான். எல்லாம் நேரா."

"எல்லாமா?"

"எல்லாம்தான். எத்தனை தடவை சொல்றது?"

கொஞ்ச நேரம் கழித்து அவள் என் கடைக்குள் வந்து, துணி மூட்டைமேல் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்தினாள்.

"பொய் சொல்றார் அக்கா. கண்ணு போயிடும்னு தெரிஞ்சே சொல்றார்."

"ஊசிக்குப் பயம்" என்றேன்.

"எனக்கு மட்டும் பயமில்லையா?" என்று கத்தினாள். என்னிடம் அவள் கத்தியது அதுதான் முதல் தடவை. அதே வேகத்தில் எழுந்து போனாள். அவள் சொன்னதெல்லாம் செங்கல் வழியாக எனக்கு வந்தது.

"நாலாவது கோட்டை நான் வளைச்சு வெச்சிருக்கேன். தெருவுல போற மாடுகூடச் சொல்லும். நீங்க நேரா இருக்குங்கறீங்க. யாரை ஏமாத்தறீங்க? என்னையா, கண்ணையா?"

அவர் சொன்னார்: "ஊசி நேரா வருதும்மா. மூடவும் முடியாது, திரும்பவும் முடியாது. வர்றதைப் பாத்துக்கிட்டே படுத்திருக்கணும். எனக்கு இருக்கறதே ஒரு கண்ணு. அதுலயே குத்தறாங்க. ஏதாவது ஆயிட்டா?"

"குத்தலைன்னா கண்டிப்பா ஆகும்."

"பயமா இருக்கு."

"எனக்கும்தான் பயமா இருக்கு. வாங்க, ரெண்டு பேரும் பயந்துகிட்டே போகலாம்."

போனார்கள். அந்த ஊசிக்கும் போனார்கள், அதற்கடுத்ததற்கும் போனார்கள். டாக்டரம்மாவிடம் கேட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்க இவளையும் உள்ளே விட்டார்களாம். மழைக்காலம் முடிந்து, தகரம் காய ஆரம்பித்தது. அவர் பெரும்பாலும் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். யார் கடிகாரத்தையும் நிமிர்த்தப் போகவில்லை. தெருவில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணலாகிக்கொண்டு வந்தது, யாரும் கவனிக்கவில்லை. ஃபைல் கொண்டுவருகிறவர்கள் அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவள் பார்த்து, "எழுத்தைக் கோடா மாத்தலை" என்பாள், வாசலிலிருந்து அவர், "அதேதான்" என்பார்.

கதவிலிருந்த கட்டத்தைப் பற்றி அவர் இப்போது உண்மையைச் சொன்னார். குறைஞ்சிருக்கு. அப்படியேதான் இருக்கு. இன்னைக்குக் கொஞ்சம் பரவாயில்லை. அவளும் கேட்டுக்கொண்டாள். ஆனால் ஒருதரம் ஏமாந்த மனசு, முழுக்க நம்பவும் மாட்டேன் என்றது. ஒருநாள் இன்னொரு காகிதத்தோடு என்னிடம் வந்தாள்.

"அக்கா, இதுல?"

பார்த்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். எல்லாம் நேராகத்தான் இருந்தது. அந்தப் பக்கமாக வந்த மச்சினனிடம் காட்டினேன். அவன் மீசையைத் தடவிக்கொண்டு, எல்லாம் சூப்பரா இருக்கு என்றான்.

"சரி" என்றாள். "காலையில டீக்கு வாங்க."

போனேன். சமையலறையில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் டம்ளரோடு கதவுக்கு எதிரே வந்து நின்றார். நின்றவர் டீயைக் குடிக்கவில்லை. ஓர் அடி முன்னால் போனார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

"இதை யாரு போட்டது?" என்றார்.

"நான்தான். ஏன், சரியாத்தானே இருக்கு?"

"எங்க சரியா இருக்கு? மேலேருந்து ஏழாவது கோடு. இடது பக்கம் சரியாப் புறப்படுது, வலது பக்கம் முடியற இடத்துல மயிரிழை இறங்குது. மத்ததெல்லாம் சரி. இது மட்டும் ஏன் இப்படி?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "நம்பரைப் பாத்துப் போடுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? இந்த மாதிரி ஒரு ஃபைல் வெளிய போச்சுன்னா நம்ம பேரு என்ன ஆகும்?"

அவள் திரும்பினாள். என் கண்ணுக்கும் மச்சினன் கண்ணுக்கும் தப்பிய அந்த ஏழாவது கோடு, அவள் வேண்டுமென்றே இறக்கி வைத்தது. அடுப்பை அணைக்காமலே அவர் தோளில் முகத்தை வைத்துவிட்டாள். பால் பொங்கி வழிந்தது. நான்தான் போய் அணைத்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, டீ சிந்திவிடாமல் டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஒரு கோட்டைத் தப்பாப் போட்டதுக்கா இப்படி அழற? விடு, நான் சரி பண்ணித் தரேன்" என்றார்.

அதற்குமேல் அங்கே எனக்கு வேலையில்லை. கடைக்கு வந்து தைக்க உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிக் கடிகாரத்தை நிமிர்த்தினார். இறங்கி வந்து, ஓடிக்கொண்டிருந்த தையலைக் குனிந்து பார்த்தார். வாயைத் திறக்கலாமா என்று யோசிப்பது தெரிந்தது. கத்தரிக்கோல் என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"என்ன, சொல்லு" என்றேன்.

"கொஞ்சம் இடது பக்கம் போகுது அக்கா."

மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். போய்க்கொண்டுதான் இருந்தது. பிரித்துவிட்டு மறுபடி தைத்தேன்.